ஆறுச்சாமி போட்ட சின்னக் கம்பி ரோடு

என்ற ஊட்டுக்காரரு சோத்துல கை வைக்கறதுக்கு முந்தி எத்தனை தடவை கையத் துடைப்பாருன்னு எண்ணிப் பாத்திருக்கேன். ஒம்போது, பத்து. அழுக்குக் கைன்னா சொல்லலாம். கழுவின கையத்தான் துடைப்பாரு. வேட்டில துடைப்பாரு, தோள்ல கெடக்கற துண்டுல துடைப்பாரு, ஒண்ணும் ஆப்படலைன்னா என்ற சீலைத் தலப்பப் புடிச்சு இழுத்துத் துடைப்பாரு. "அட, காஞ்சுதானுங்க கெடக்குது, சும்மா உண்ணுங்க"ம்பேன். "வழுக்குது வேலாமணி"ம்பாரு. காஞ்ச கை வழுக்குமா? எனக்கு எரிச்சலா வரும். ஆனா எதனால அவருக்கு வழுக்குதுன்னு எனக்குத் தெரியும். அது தெரிஞ்சவங்க அப்ப ரெண்டே பேரு, அவரும் நானும்.

அவரு பேரு ஆறுச்சாமி. கோயமுத்தூருக்குத் தெக்கால பட்டறை வேலை கத்துக்கிட்டவரு. இருவத்திரெண்டு வயசுல மலையேறி, நெல்லியாளத்துக்குப் பக்கத்துல ஒரு தேயிலை எஸ்டேட்ல பிட்டரா சேந்தாரு. அந்த எஸ்டேட்டுக்கு இங்கிலீசுல வாய்ல நொழையாத ஒரு பேரு உண்டு. நாங்க சொல்றது கம்பித்தோட்டம். மேல் மலைல இருந்து கீழ பேக்டரி வரைக்கும் ரெண்டரை மைலுக்குத் தண்டவாளம் கெடந்துச்சு, அதனால அந்தப் பேரு. எஞ்சின் எல்லாம் கெடையாதுங்க. பச்சைக் கொழுந்து மூட்டைய டிராலில ஏத்துவாங்க, பிரேக்குக்காரன் ஒருத்தன் பின்னால ஏறிக்குவான், டிராலி சரிவுல தானா எறங்கும். அவன் ஒரு நீட்டுக் கம்பிய மிதிச்சான்னா மரக்கட்டை போயிச் சக்கரத்துல அழுந்தும், வேகம் கொறையும். காலி டிராலிய மாடு கட்டி மேல இழுத்துக்குவாங்க. அந்தக் கட்டைய இழைச்சுப் பொருத்தறது, தேஞ்சா மாத்தறது எல்லாம் இவரு வேலை. எந்த எடத்துல எந்தத் தண்டவாளம் என்ன சத்தம் போடும்னு கண்ண மூடிட்டுச் சொல்லுவாரு. கட்டின பொண்டாட்டி போடற சத்தம் மட்டும் காதுல விழுகாது.

டிராலி ஓட்டறதுல கெட்டிக்காரன் சங்கிலி. ராமநாதபுரத்துப் பக்கம் இருந்து வந்தவன். அவன் பொண்டாட்டி மூக்கம்மா. கூலிக்காரங்களுக்கு எஸ்டேட்டுல கட்டிக் குடுத்த வரிசை ஊட்ட லயம்பாங்க, அதுல எங்களுக்கு அடுத்த லயம் அவங்களுது. சங்கிலி முந்தி குடிகாரந்தான், அத மறைச்சு என்ன ஆகப் போகுது. சம்பளத்தன்னிக்கு அவன் போடற கூத்துல லயமே தூங்காது. ஒரு வருசம் மாரியம்மன் நோம்பிக்கு மூக்கம்மா அவனக் கோயலுக்கு இழுத்துட்டுப் போனா. எரியற சூடத்த உள்ளங்கைல அடிச்சு அணைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கினா. நாங்க எல்லாம் பாக்கத்தான் சொன்னா: "இனிமே தொட்டீகன்னா, செத்தாலும் என் கையால ஒரு வாய்த் தண்ணி கெடையாது." அன்னிக்கு நிறுத்தினவன் ரெண்டு வருசம் தொடவே இல்லீங்க. அவன் மொகமே மாறிப் போச்சு, நல்லா தளதளன்னு ஆயிட்டான்.

ஆயிரத்தித் தொள்ளாயிரத்தி இருவத்தொம்போதாம் வருசம் ஆயுத பூசை வந்துச்சு. பெரிய நோம்பி அது எங்களுக்கு. டிராலி எல்லாத்தையும் மேல கொட்டகைல வரிசையா நிறுத்தி, பொம்பளைங்க நாங்க கழுவிப் பொட்டு வெப்போம். "எதையும் விட்டுறாதே"ன்னு சொல்லிட்டு இவரு வாழைக்கன்னு வெட்டப் போயிட்டாரு. எங்க ஊர்ல கலப்பையா இருந்தாலும் சரி, அருவாப் புடியா இருந்தாலும் சரி, கழுவி எண்ணெய் காட்டித்தான் பொட்டு வெக்கறது. சங்கிலி டிராலியப் பாத்தேன். இரும்புக்கெல்லாம் எண்ணெய் போட்டாச்சு. சக்கரத்துக்கிட்ட ரெண்டு மரக்கட்டை வெடிச்சுப் போயிப் பாவமாட்ட இருந்துச்சு. வெளக்கெண்ணெயத் தொட்டுத் தொட்டுத் தேச்சேன். அது உறிஞ்ச உறிஞ்ச நாலு தடவை தேச்சேன். அது பிரேக்குன்னு எனக்குத் தெரியும். அதுக்கு எண்ணெய் ஆகாதுன்னு எந்த மவராசன் எனக்குச் சொல்லிக் குடுத்தான்?

பூசை முடிஞ்சு சூடம் காட்டினதுக்கப்பறம்தான் இவரு அதப் பாத்தாரு. கட்டை பளபளன்னு மின்னுது. "கட்டை வழுக்குமே வேலாமணி"ன்னாரு. கழட்டறதுக்குக் கை நீட்டினாரு, நீட்டின கைய அப்படியே இழுத்துக்கிட்டாரு. ஏன்னா சாமிக்கு வெச்சாச்சு. மறுநாள் மறுபூசை ஆகாம ஆயுதத்தத் தொட்டா ஆகாதுன்னு அவங்கப்பன் காலத்துல இருந்து பழக்கம். "காலைல மொத வேலையா மாத்திடறேன்"னாரு. நானுந்தான், "ஆமாங்க, சாமி குத்தம் ஆயிரும், காலைல பாத்துக்கலாம்"னேன். இத நான் சொன்னேன்ங்கறத மறக்க எனக்கு வழியே இல்ல.

காலைல இவரு புதுக் கட்டைய இழைச்சுக் கைல எடுத்துக்கிட்டு மேட்டுல ஏறிட்டு இருக்காரு. மேல சங்கிலி நல்ல நேரம் போயிருமேன்னு அவனே தேங்கா ஒடைச்சு, மறுபூசை பண்ணி, மொத டிராலிய எடுத்துட்டான். பாதி வழில எதுக்க வருது டிராலி. சங்கிலி கம்பி மேல ரெண்டு காலுலயும் ஏறி நிக்கறான். "அண்ணே, புடிக்கல!"ன்னு ஒரே சத்தம். இவரு கைல அந்தப் புதுக் கட்டையோட பாத்துட்டே நின்னாரு. பாறமுக்குன்னு ஒரு வளைவு, கீழ ஓடை. அங்க போயி விழுந்துச்சு, சங்கிலி அங்கயே செத்துப் போயிட்டான்.

ஆபீஸ் வராந்தால விசாரணை வெச்சாங்க. எஸ்டேட்டு வெள்ளைக்காரத் தொரை தமிழ் பேசுவாரு, எஸ்டேட் தமிழ். "அவன் குடிகாரன்தானே? அன்னிக்குக் குடிச்சானா?"ன்னு இவரக் கேட்டாரு. எண்ணெய்ன்னு சொன்னா யாரு போட்டதுன்னு கேப்பாங்க. நான் தூணுக்குப் பின்னால நின்னுட்டு இருக்கேன். இவரு என்னையப் பாக்கல, தொரையையும் பாக்கல. ஆமான்னு தலைய ஒரு ஆட்டு ஆட்டினாரு. அவ்வளவுதான். அத எழுதிக்கிட்டாங்க.

மூக்கம்மா அழுகவே இல்ல. சூடத்த அணைச்ச கையால சாராயத்தத் தொட்டுட்டானேன்னு பல்லக் கடிச்சுட்டு உக்காந்திருந்தா. எரக்கப்பட்டுத் தொரை அவளுக்குப் பங்களாத் தோட்டத்துல கூலி வேலை குடுத்தாரு. அந்தத் தை அமாவாசைக்கு லயத்துல எல்லாரும் செத்தவங்களுக்குப் படைச்சாங்க. அவ அடுப்பே மூட்டல. "அந்த ஆளுக்கு என் கையால இல்லைன்னு அம்மன் முன்னால சொன்னேன் அக்கா, சொன்னது சொன்னதுதேன்"னா. அடுத்த தைக்கும் அப்படித்தான், அதுக்கடுத்ததுக்கும் அப்படித்தான். ஒவ்வொரு தைக்கும் இவரு சோறுண்ணாம எந்திரிச்சுப் போவாரு. லாரி ரோடு வந்து தண்டவாளத்தப் பேத்துப் பழைய இரும்புக்கு வித்துட்டாங்க. இனி எல்லாம் மண்ணோட போச்சுன்னு நான் நெஞ்சத் தேத்திக்கிட்டேன்.

அடக் கெரகத்தே, முப்பத்திமூணாம் வருசம் தொரைக்கு ஒரு ஆசை வந்துச்சு. பழைய கம்பி ரோட்ட அப்படியே சின்னதாப் பண்ணிப் பங்களாத் தோட்டத்துச் சரிவுல வெக்கணுமாமா. கிறிஸ்மஸுக்கு வர்ற தொரைமாருக்குக் காட்டணுமாமா. "ஆறுச்சாமி, நீ பண்ணு. ஒரு வளைவு விடக்கூடாது"ன்னுட்டாரு. இவரு ஊட்டுக்கு வந்து கையத் துடைச்சாரு பாருங்க, தோலு உரிஞ்சு போகும்னு நெனச்சேன்.

"காச்சல்னு லீவு சொல்லிருங்க"ன்னேன்.

"மூணு மாசத்துக்கா காச்சல் வரும்?"ன்னாரு.

ஆரம்பிச்சாரு. மூணு வெரக்கடை அகலத்துக்கு ரோடு. தேயிலைப் பெட்டி ஓரத்துல அடிக்கிற இரும்புப் பட்டைய நிமித்தித் தண்டவாளமாக்கினாரு. ஒடைஞ்ச பெட்டிப் பலகையத் துண்டு துண்டா அறுத்துக் குறுக்குக் கட்டை பண்ணினாரு. கூடலூர் பஜாருக்குப் போயி ஜலீல் பாய் கடைல ஈயமும், ஈயத்த உருக்கி ஒட்டிப் பத்தவெக்கிற சாமானும் வாங்கியாந்தாரு. சக்கரத்த ஈயத்துல வாத்தாரு. டிராலிக்குப் பின்னால பிரேக் கம்பி, அதுல ஒரு ஈயக் குண்டத் தொங்க விட்டாரு. அந்தக் குண்டு எப்பவும் கட்டையச் சக்கரத்தோட அமுக்கிப் புடிச்சுக்கும், டிராலி கடைசி வரைக்கும் நெதானமா எறங்கும். கட்டை வெரல் நகத்தளவுதான் இருக்கும். அத இழைக்கவே நாலு நாள் எடுத்துக்கிட்டாரு. போயிப் போயித் தொட்டுப் பாப்பாரு. துண்டால துடைப்பாரு. திரும்பத் தொட்டுப் பாப்பாரு. தோட்டத்துல மத்தவங்க சிரிச்சாங்க. 

இதுல கொடுமை என்னன்னா, கல்லும் மண்ணும் சொமக்கறதுக்குத் தொரை விட்ட ஆளு மூக்கம்மா. தெனமும் இவரு குந்திக்கிட்டுத் தண்டவாளம் பதிக்க, பக்கத்துல அவ கூடைல கல்லுக் கொண்டாந்து கொட்டுவா. பாறமுக்கு கட்டற அன்னிக்கு அவளே ஓடைல எறங்கி ஒரு கல்லுப் பொறுக்கியாந்தா. "இதுதானே அண்ணே அந்தப் பாறை மாதிரி இருக்கு?"ன்னு கேட்டா. இவரு கல்ல வாங்கறப்போ கைல இருந்து நழுவிக் கால் மேல விழுந்துச்சு. பெருவெரல் நகம் போச்சு. ஊட்டுக்கு வந்து, "சொல்லிரட்டுமா வேலாமணி?"ன்னாரு.

நான் பத்ரகாளி ஆயிட்டேன். "சொல்லிட்டு? பொய் சொன்னதுக்கு உங்கள உள்ள போடுவாங்க. எண்ணெய் போட்டதுக்கு என்னைய என்ன பண்ணுவாங்களோ. இருக்கற ஊடும் போயிரும். செத்தவன் திரும்பி வருவானா? வாயத் தொறந்தீங்கன்னா நான் அந்த ஓடைலயே போயி விழுந்துருவேன்"னேன். பயந்தாங்க. அவ்வளவு பயம். பங்களாப் பக்கம் இருந்து யாராவது நடந்து வந்தாலே, தெரிஞ்சு போச்சோன்னு உள்ள ஓடிக் கதவச் சாத்திக்குவேன். மூக்கம்மா "அக்கா"ன்னு கூப்புட்டா கூட கேக்காத மாதிரி கொடத்தத் தூக்கிட்டுப் போயிருவேன்.

கிறிஸ்மஸுக்கு ஒரு வாரம் இருக்கறப்போ பொம்மை வேலை. இவரு ஈயத்துல வாத்துக் குடுக்க, தொரையோட சம்சாரம் லோயிஸ் தொரசானி சாயம் பூசுவாங்க. மாட்டுக்காரன் ஒருத்தன், மூட்டை தூக்கறவன் ஒருத்தன், டிராலி மேல நிக்கறதுக்குச் சங்கிலி. சங்கிலியோட பொம்மைய எடுத்துப் பாத்துட்டுத் தொரை சொன்னாராம்: "இவன் கைல ஒரு புட்டி வை. எல்லாம் சிரிக்கும்." பிரேக்க மிதிச்சுட்டே செத்தவன் கைல புட்டி. இவரு ரெண்டு நாள் வெக்கல. மூணாம் நாள் தொரை தேடி வந்து, "எங்க புட்டி?"ன்னாரு. வெச்சாரு. அரிசி அளவு ஈயம். பத்த வெச்சப்போ ஈயம் உருக்கற சூட்டுக்கோல் பட்டு ரெண்டு வெரலு பொத்துப் போச்சு.

மூக்கம்மா அதப் பாத்தா. கூடைய எறக்கி வெச்சுட்டுக் குனிஞ்சு பாத்தா. "சரியாத்தேன் செஞ்சிருக்கீக அண்ணே. அந்த ஆளுக்குப் புட்டிதான் பொண்டாட்டி"ன்னுட்டுக் கூடையத் தூக்கிட்டுப் போயிட்டா. அன்னிக்கு ஊட்டுக்கு வந்தவரு எங்கிட்ட ஒண்ணும் கேக்கல. "சொல்லிரட்டுமா"ன்னு கேக்கலீங்க. அதுதான் எனக்கு ரொம்பப் பயமாப் போச்சு.

கிறிஸ்மஸ் அன்னிக்கு மத்தியானம் பத்துப் பன்னெண்டு தொரைமாரும் தொரசானிமாரும் நாற்காலி போட்டு உக்காந்திருந்தாங்க. தோட்டத்து ஆளுங்க நாங்க செடிக்குப் பின்னால நின்னோம். மூக்கம்மா எனக்குப் பக்கத்துல. இவரு மேல கொட்டகைகிட்டக் குந்தியிருக்காரு, புதுத் துண்டு, வேர்த்து ஊத்துது. தொரை கைய அசைச்சாரு. இவரு டிராலிய விட்டாரு.

எத்தனை அழகா எறங்குச்சு தெரியுங்களா. கடகடன்னு சின்னச் சத்தம், வளைவுல ஒரு கிறீச்சு, நெசம் மாதிரியே. பாறமுக்குல பைய ஒடிச்சுத் திரும்பிக் கீழ பேக்டரிகிட்டப் போயி நின்னுச்சு. எல்லாரும் கை தட்டினாங்க. தொரை பொம்மையக் காட்டி இங்கிலீசுல ஏதோ சொன்னாரு, கையப் புட்டியாட்ட வாய்கிட்டக் கொண்டு போனாரு. எல்லாரும் சிரிச்சாங்க. மூக்கம்மா தலையக் குனிஞ்சுக்கிட்டா. நான், அப்பாடா, முடிஞ்சுதுன்னு மூச்சு விட்டேன்.

இவரு எறங்கிப் போயி டிராலியக் கைல எடுத்துக்கிட்டு மறுபடியும் மேல ஏறினாரு. இன்னொரு தடவை காட்டப் போறாருன்னு எல்லாரும் பாத்துட்டு இருக்காங்க. இடுப்புல இருந்து அச்சுக்கு விடற எண்ணெய்க் குப்பிய எடுத்தாரு. டிராலியத் திருப்பிப் புடிச்சு, எல்லாரு கண்ணுக்கும் தெரியற மாதிரி, அந்த நகத்தளவு கட்டைல எண்ணெயத் தொட்டுத் தேச்சாரு. ஒரு தடவை, ரெண்டு தடவை, மூணு, நாலு. நான் தேச்ச அதே கணக்கு. 

விட்டாரு. மொதல்ல பையத்தான் போச்சு. அப்பறம் புடிச்சுது பாருங்க ஒரு வேகம். பாறமுக்குல திரும்பவே இல்ல. நேராப் பறந்து போயி மூக்கம்மா கொண்டாந்த கல்லு மேல அடிச்சுக் கீழ விழுந்துச்சு. கை தட்டப் போன தொரசானி ஒருத்தங்க கைய அப்படியே வெச்சுக்கிட்டாங்க.

"சங்கிலி குடிக்கலீங்க தொரை"ன்னாரு இவரு. கத்திச் சொல்லல. ஆனா எல்லாருக்கும் கேட்டுச்சு. "பூசை அன்னிக்குப் பிரேக் கட்டைல எண்ணெய் பட்டுருச்சுங்க. நாந்தான் போட்டேன். அவன் கம்பி மேல ஏறி நின்னு மிதிச்சானுங்க. நான் கண்ணால பாத்தேன். குடிச்சான்னு தலையாட்டினது பொய்யிங்க."

நாந்தான் போட்டேன்னு சொன்னாரு பாருங்க, அந்த மனுசன். அந்தக் கடைசி நிமிசத்துலயும் என்னைய மறைக்கப் பாக்கறாரு. எனக்கு வந்துச்சே ஒரு கோவம், யாரு மேலன்னு தெரியல. செடியத் தள்ளிட்டு முன்னால போயி நின்னேன். "அவரு இல்லீங்க தொரை, எண்ணெய் போட்டது நானு. இந்தக் கையால நாலு தடவை தேச்சேன். மாத்தலாம்னு போனவரச் சாமி குத்தம்னு தடுத்ததும் நானு. நாலு வருசமா அவரு வாய அடைச்சதும் நானு"ன்னு சொல்லிப் போட்டேன். சொல்லி முடிச்சப்பறம்தான் பயம் திரும்ப வந்துச்சு. 

தொரை மொகம் செவந்து போச்சு. வந்தவங்க முன்னால மானம் போச்சேன்னு அவருக்கு. "எழுதினது எழுதினதுதான். நாளைக்குள்ள ஊட்டக் காலி பண்ணு"ன்னுட்டு எல்லாரையும் உள்ள கூட்டிட்டுப் போயிட்டாரு. அவ்வளவுதாங்க நடந்துச்சு. உள்ளயும் போடல, ஒண்ணும் போடல. இதுக்குப் பயந்தா நாலு வருசம் அந்த மனுசன் சோத்துல நிம்மதியாக் கை வெக்காமக் கெடந்தாரு.

மூக்கம்மாவத் திரும்பிப் பாக்க எனக்குத் தைரியம் இல்ல. அடிப்பா, மண்ணள்ளி விடுவான்னு நெனச்சேன். அவ பாறமுக்குகிட்டப் போயிக் குந்தினா. கல்லுக்கு நடுவுல கையவிட்டு அந்த ஈயப் பொம்மைய எடுத்தா. முந்தானைல தொடைச்சா. அப்பறம் யாருகிட்டயும் இல்லாம, பொம்மையப் பாத்துச் சொன்னா:

"நாலு வருசமா உங்களப் பட்டினி போட்டுட்டேனே. ஒரு வாய்த் தண்ணி குடுக்கலையே நானு."

அதுக்கப்பறம் அவ அழுத அழுகையச் சொல்ல எனக்கு வாய் வராது.

மறுநாளே சட்டி பானையத் தூக்கிட்டுக் கூடலூருக்கு எறங்கினோம். ஜலீல் பாய் ஒரு வார்த்தை கேக்காம, கடைக்குப் பின்னால ஒரு ரூமும் ஸ்டவ்வு ரிப்பேர் பாக்கற வேலையும் குடுத்தாரு. "ஏன் அண்ணே எந்நேரமும் கையத் துடைக்கறீங்க?"ன்னு மட்டும் கேட்டாரு. "பழைய சங்கதிங்க பாய்"ன்னாரு இவரு.

தை அமாவாசை வந்துச்சு. இவரு விடியக்காலம் எந்திரிச்சுத் துண்டப் போட்டுக்கிட்டு, "போயிட்டு வரலாம்"ன்னாரு. நானும் கூடக் கெளம்பினேன். கம்பித்தோட்டத்து லயத்துக்கு நாங்க போயிச் சேந்தப்போ உச்சி வெயிலு. இவரு ரோட்டோரப் பாலத்துக் கட்டைலயே நின்னுட்டாரு, கிட்ட வரல. நான் மட்டும் வாசலுக்குப் போனேன்.

சாமிச் செவுத்தோரம் ஒரு பலகை. போட்டோ எல்லாம் ஏது அந்தக் காலத்துல, அந்த ஈயப் பொம்மையத்தான் வெச்சு, பொட்டு வெச்சு, பூப் போட்டிருந்தா. கைல புட்டி இல்ல. கல்லுல தேச்சுத் தேச்சு எடுத்திருக்கா. முன்னால எலை போட்டிருந்தா. ஒரு எலை இல்லீங்க, வரிசையா அஞ்சு எலை. அஞ்சுலயும் சோறு, கொழம்பு, வடை, பாயாசம். ஒவ்வொரு எலைக்கும் பக்கத்துல ஒரு செம்புத் தண்ணி. நாலு வருசத்துப் பாக்கியும் இந்த வருசத்துதும்.

காக்காய்க்கு வெச்சுட்டு வந்தவ என்னையப் பாத்தா. உள்ள வான்னு சொல்லல, போன்னும் சொல்லல. "அண்ணன் வந்திருக்காகளா?"ன்னு கேட்டா. பாலத்துப் பக்கம் கையக் காட்டினேன். 

"உள்ள கூப்புட எனக்கு இன்னும் மனசு ஆறல அக்கா. எப்ப ஆறும்னும் தெரியல"ன்னா. அப்பறம் குனிஞ்சு, வரிசைல மொத எலைய அப்படியே சோத்தோட சுருட்டிக் கட்டி எங்கைல குடுத்தா. "இது அவுக போன மொத தைக்கு வெச்சிருக்க வேண்டியது. அண்ணன்கிட்டக் குடுங்க."

கொண்டு போயிக் குடுத்தேன், அவ சொன்னதையும் சொன்னேன். பாலத்துக் கட்டைல உக்காந்து மடில வெச்சுப் பிரிச்சாரு. கண்ணுல தண்ணி தாரை தாரையா ஊத்துது. துண்டு தோள்லயேதான் கெடந்துச்சு, அத எடுக்கல, கையத் துடைக்கல. ஒரு பருக்கை விடாமத் தின்னாரு.